ஆலைக் கிராணி மனித உரிமை படிக்கலாமா?

மலேசியாவின் பேராக் மாநிலத்திலிருந்து வந்த கேள்வி இது: "சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் மனிதவளப் பிரிவில் கிராணியாக இருக்கிறேன். வயது 33. டிப்ளோமா வரைதான் படித்திருக்கிறேன், சட்டம் படித்ததில்லை. இரண்டு பிள்ளைகள். வேலையை விடாமல் 'மனித உரிமையும் வணிகமும்' என்ற முதுகலைப் படிப்பைப் பகுதிநேரமாகப் படிக்க ஆசை. முடியுமா? படித்தால் பிரயோசனம் உண்டா?" கேட்ட சகோதரி கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி சேர்த்திருந்தார்: "மேனேஜருக்குத் தெரிந்தால் என்ன நினைப்பாரோ என்று பயமாகவும் இருக்கிறது." எனக்கென்னவோ அந்தக் கடைசி வரிதான் நிஜமான கேள்வி என்று படுகிறது. நேரம், பணம், தகுதி எல்லாம் ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். சம்பளம் தருகிற இடத்தையே பாடமாக எடுத்துப் படிப்பது அப்படி இல்லை.

நானும் தோட்டத்துக் கிராணியாகத்தான் ஆரம்பித்தேன். விடியற்காலை பெரட்டில் பேர் கூப்பிட்டு, செக்ரோல் எழுதி, சம்பள நாளில் கையெழுத்து வாங்கிப் பதினோரு வருடம் ஓட்டினேன். அப்புறம் சான்றிதழ்த் தணிக்கைகளுக்குத் தோட்டங்களைத் தயார் செய்யும் பிரிவுக்கு மாற்றினார்கள். அந்த நேரத்தில்தான் ஓர் இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்தில் தொலைதூர வழியில் இந்தப் படிப்பை மூன்று வருடத்தில் முடித்தேன். நான் வழக்கறிஞர் இல்லை. கீழே சட்டம் என்று வருவதெல்லாம் வேலையில் புழங்கிய பழக்கத்தில் சொல்வது. சொந்த வழக்கு ஏதாவது இருந்தால் வக்கீலிடம்தான் போக வேண்டும்.

பாடத்தின் அச்சாணி, வணிகமும் மனித உரிமைகளும் பற்றிய ஐ.நா. வழிகாட்டுக் கோட்பாடுகள். மொத்தம் 31. ஹார்வர்ட் பேராசிரியர் ஜான் ரக்கி 2005-இல் ஐ.நா.வின் சிறப்புப் பிரதிநிதியாக நியமிக்கப்பட்டு, ஆறு வருடம் அரசுகள், கம்பெனிகள், பாதிக்கப்பட்டவர்கள் என்று எல்லாத் தரப்போடும் பேசி எழுதியது. சாரம் எளிது: அரசு காக்க வேண்டும், நிறுவனம் மதித்து நடக்க வேண்டும், பாதிக்கப்பட்டவருக்குப் பரிகாரம் கிடைக்க வேண்டும். 2011 ஜூன் 16 அன்று மனித உரிமை மன்றம் இதை ஏற்றுக்கொண்டது. சுங்கை சிப்புட்காரர்களுக்கு ஜூன் 16 என்றால் வேறொன்று ஞாபகம் வரும். 1948-இல் அதே தேதியில்தான் நம் ஊர் எல்ஃபில், ஃபின் சூன் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட அதிகாரிகள் சுடப்பட்டு, மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. தேதி ஒத்துப்போனது தற்செயல்தான். ஆனாலும் அதை முதலில் கவனித்த ராத்திரி புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இது ஜெனீவாவில் பிறந்த பாடம், நமக்கெங்கே புரியப்போகிறது என்று தயங்க வேண்டாம். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் முதலானோர் முன்நின்ற வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளை எடுத்துப் பாருங்கள். சீனத் தொழிலாளிக்கு இணையான கூலி. பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு முடிவு. பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு, முறையான மருத்துவம். கள்ளுக்கடையை மூடுவது. சொந்தபந்தம் தோட்டத்துக்குள் வந்துபோகத் தடை இல்லாமை. துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிப்பது. சங்கம் வைக்க அனுமதி. முறையிட்டவரைப் பழிவாங்காமல் இருப்பது. இப்போது அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு வெளியிட்ட கட்டாய உழைப்பின் 11 அறிகுறிகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: நடமாட்டத்தைக் கட்டுப்படுத்துவது, தனிமைப்படுத்துவது, மிரட்டுவது, மிதமிஞ்சிய கூடுதல் நேரம்... இவற்றில் பல அந்தப் பழைய பட்டியலிலேயே இருக்கின்றன. பெயர்தான் புதிது. சைக்கிள் கோரிக்கையில் துரையோடு சேர்த்துக் கிராணியும் வருகிறார் என்பதைக் கவனித்தீர்களா? அதைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் ஆலையில் தணிக்கையாளர்கள் ஏன் திடீரென்று தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குள் நுழைந்து தொழிலாளிகளோடு தனியாகப் பேச ஆரம்பித்தார்கள்? விடை 2020-இல் இருக்கிறது. அமெரிக்காவில் 1930-ஆம் ஆண்டு சுங்கவரிச் சட்டத்தின் 307-ஆம் பிரிவு, கட்டாய உழைப்பில் உருவான பொருளை நாட்டுக்குள் விடக் கூடாது என்கிறது. அதை வைத்து 2020 ஜூலையில் நம் நாட்டுக் கம்பெனிகளான டாப் குளோவின் கையுறைகளையும், செப்டம்பர் 30-இல் எஃப்.ஜி.வி. செம்பனை எண்ணெயையும், டிசம்பர் 30-இல் சைம் டார்பி பிளாண்டேஷனின் எண்ணெயையும் துறைமுகத்தில் நிறுத்தினார்கள். தடை நீங்குவதற்குள் டாப் குளோவ், தொழிலாளிகள் ஊரில் ஏஜெண்டிடம் கட்டிவிட்டு வந்த பணத்துக்காக 10 கோடி வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் திருப்பிக் கொடுத்தது. சைம் டார்பி மீதான தடை 2023 பிப்ரவரியில்தான் நீங்கியது. அதுவரை 'சமூக நலன்' என்று தீபாவளிக்கு அரிசிப் பை கொடுத்துப் படம் எடுத்துப் போடுவதோடு முடிந்த விஷயம், அதற்கப்புறம் கப்பலை நிறுத்துகிற விஷயமாகிவிட்டது. படிப்புக்கு மதிப்பு வந்ததும் இதனால்தான், வேறு புண்ணியத்தால் இல்லை.

சரி, கிராணி கதைக்கு வருகிறேன். நான் இருந்த ஒரு தோட்டத்தில் வெளிநாட்டுத் தொழிலாளிகளின் கடப்பிதழ்களை (பாஸ்போர்ட்) ஆபீஸ் இரும்பு அலமாரியில் பூட்டி வைத்திருந்தார்கள். அடுத்தவர் கடப்பிதழைச் சட்டப்படியான அதிகாரம் இல்லாமல் வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம் என்று தணிக்கையில் எழுதியதும், லயத்து ஓரத்தில் சின்னச் சின்னப் பெட்டகங்கள் வைத்து ஆளுக்கொரு சாவி கொடுத்தோம். படம் எடுத்தோம், அறிக்கையில் ஒட்டினோம், தணிக்கையாளர் போனார். இரண்டு வாரத்தில் சாவிகள் ஒவ்வொன்றாக என் மேசை இழுப்பறைக்கு வந்து சேர்ந்துவிட்டன. "தொலைச்சிருவானுங்க, உன்கிட்டயே இருக்கட்டும்" என்றார் மண்டோர் (மேற்பார்வையாளர்). நானும் உதவி செய்வதாகவே நினைத்துக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு வங்காளதேசப் பையன் வீட்டுக்குப் பணம் அனுப்ப டவுனுக்குப் போக வேண்டும். பணம் அனுப்பும் கடையில் கடப்பிதழ் கேட்பார்கள். நான் ஈப்போவில் ஒரு கல்யாணத்தில் இருந்தேன். ஆபீஸ் வாசலில் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறான். திங்கட்கிழமை என்னிடம் அவன் குறை எதுவும் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே சாவி கேட்டான். இரண்டாம் பருவத்தில் அந்த 11 அறிகுறிகளைப் படித்தபோது ஏழாவது, அடையாள ஆவணங்களைப் பிடித்துவைத்தல். சாவிக் கொத்து அப்போதும் என் இழுப்பறையில்தான் கிடந்தது. எங்கள் தாத்தா சைக்கிளை விட்டு இறங்கியது யாரைக் கண்டு என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

அதனால்தான் சொல்கிறேன், இந்தப் படிப்பு முதலில் துழாவுவது மேனேஜரின் அறையை இல்லை, நம் மேசையை. லயத்தில் இன்று இருப்பவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியர், வங்காளதேசி, நேப்பாளி. நம் ஆட்கள் பலர் ஆபீஸ் பக்கம் வந்துவிட்டோம். சம்பளச் சீட்டு அடிப்பதும் பிடித்தம் போடுவதும் சாவி வைத்திருப்பதும் நாம். அதைத் தாங்கிக்கொள்ள முடியும் என்றால் படியுங்கள். முடியாது என்றால் மனிதவள மேலாண்மையில் வேறு நல்ல படிப்புகள் இருக்கின்றன, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மேனேஜர் விஷயம். ஒளிக்காதீர்கள். ஆலை சின்ன இடம், மூன்றாவது வாரம் கேண்டீன் வரை தெரிந்துவிடும். நான் போய்ச் சொன்னபோது என் மேனேஜர் கேட்டது ஒரே கேள்விதான்: "கம்பெனி பேரை எழுதுவியா?" எழுத மாட்டேன் என்றேன், எழுதவும் இல்லை. கட்டுரைகளுக்குப் பொதுவெளியில் உள்ள தணிக்கைச் சுருக்கங்கள், ஆண்டறிக்கைகள், நீதிமன்றத் தீர்ப்புகள் போதும். செம்பனை எண்ணெய்க்குச் சான்றிதழ் தரும் ஆர்.எஸ்.பி.ஓ. அமைப்பின் தணிக்கைச் சுருக்க அறிக்கைகளை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். வேலையில் கைக்கு வருகிற சம்பளச் சீட்டையோ தொழிலாளியின் விவரத்தையோ எடுத்துக்கொண்டு போய்ப் பாடத்தில் போட்டால் அது தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டச் சிக்கல், வேலை ஒப்பந்தச் சிக்கல் இரண்டும் ஆகும். இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை: 2010-ஆம் ஆண்டுத் தகவல் தருவோர் பாதுகாப்புச் சட்டம், அமலாக்க நிறுவனத்திடம் போய்ச் சொன்னவரைத்தான் காக்கும். பேராசிரியரிடமோ பேஸ்புக்கிலோ சொன்னதற்கு அந்தக் குடை கிடையாது. உங்கள் ஆலையில் பெரிய தப்பு ஒன்று நடப்பது தெரிந்தால் அதைக் கட்டுரையாக எழுதி வைக்காதீர்கள். ஆள்பலத் துறைக்கோ மனித உரிமை ஆணையமான சுஹாகாமுக்கோ தொழிற்சங்கத்துக்கோ கொண்டுபோவதைப் பற்றி முதலில் யோசியுங்கள். அதில் சட்டப் பாதுகாப்பு எங்கே போனால் கிடைக்கும் என்பதையும் போவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மேனேஜர் பதவி உயர்வில் காட்டுவாரா, மனசுக்குள் வைத்துக்கொள்வாரா என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆளைப் பொறுத்தது.

நேரக் கணக்கு கறாரானது. பிரிட்டிஷ் முதுகலை 180 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்குப் 10 மணி நேர உழைப்பு என்று கணக்கு, ஆக 1,800 மணி நேரம். மலேசிய முதுகலை என்றால் குறைந்தது 40 கிரெடிட், ஒன்றுக்கு 40 மணி, 1,600 மணி நேரம். இரண்டு வருடத்தில் முடிக்க நினைத்தால் வாரத்துக்கு 15 முதல் 17 மணி நேரம், ஒரு வாரம்கூட விடாமல். மூன்று வருடம் என்றால் 10 முதல் 12. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் மூன்று வருடத்துக்குக் குறைவாக எடுக்காதீர்கள். ஆலைக்காரர்களுக்குத் தனியாக ஒரு தொல்லை உண்டு: இங்கிலாந்தில் பருவம் தொடங்குவது செப்டம்பர், அக்டோபர். நமக்கு அப்போதுதான் குலை உச்சத்தில் வரும், ஷிஃப்ட் கூடும், பின்னாலேயே தீபாவளி. ஜனவரியில் சேர்க்கை உள்ள இடமாகப் பாருங்கள். நேரலை வகுப்பு எத்தனை மணிக்கு என்றும் கேளுங்கள். லண்டனில் சாயங்காலம் 6 மணி வகுப்பு என்றால் குளிர்காலத்தில் நமக்கு விடிகாலை 2 மணி. பதிவு செய்து வைத்துக் கேட்கலாம் என்பார்கள். கேட்கலாம்தான், ஆனால் கேட்பதில்லை.

தகுதிக்கு வழி இருக்கிறது. டிப்ளோமாவோடு நேராக முதுகலைக்கா என்று நினைக்க வேண்டாம். மலேசியத் தகுதி அங்கீகார அமைப்பான எம்.கியூ.ஏ.வின் ஏபெல் என்ற, வேலை அனுபவத்தைத் தகுதியாக மதிப்பிடும் முறையில், 30 வயதைத் தாண்டி, எஸ்.டி.பி.எம். அல்லது டிப்ளோமாவும் தொடர்புள்ள வேலை அனுபவமும் இருந்தால், மதிப்பீட்டில் தேறி முதுகலைக்கு விண்ணப்பிக்கலாம். உங்கள் வயதும் டிப்ளோமாவும் அதற்குச் சரியாக இருக்கின்றன. எல்லாப் பாடத்திட்டமும் ஏபெல் வழியை ஏற்காது, அதனால் கல்லூரியை முதலில் கேட்டுவிட்டு மதிப்பீட்டுக்குப் பணம் கட்டுங்கள். அந்த மதிப்பீட்டில் அனுபவத்தை ஆவணமாகத் தொகுத்துக் காட்டச் சொல்வார்கள். செக்ரோல், தங்குமிடப் பரிசோதனை, புகார்ப் பதிவேடு என்று நீங்கள் தினம் தொடுகிறவை எல்லாம் அதில் எடை உள்ளவை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் சில, முதலில் சின்னச் சான்றிதழாகச் சேர்ந்து, தேறினால் முதுநிலை டிப்ளோமா, அப்புறம் முதுகலை என்று படிப்படியாக ஏற விடுகின்றன. பாதியில் நின்றாலும் கையில் ஒன்று இருக்கும். என்னைக் கேட்டால் உங்களுக்கு இந்தப் படிக்கட்டுதான் தோது.

பணத்தில் இரண்டு கண்ணி. ஒன்று வருமான வரி. முதுகலைப் படிப்புக்கு 7,000 வெள்ளி வரை வரிவிலக்கு உண்டு, ஆனால் மலேசியாவில் உள்ள, அரசு அங்கீகரித்த நிறுவனத்துக்குக் கட்டிய கட்டணத்துக்குத்தான். நான் வெளிநாட்டுக்குக் கட்டிவிட்டு ரசீதை ஒரு வருடம் பத்திரமாக வைத்திருந்தேன், வீண். இரண்டாவது அங்கீகாரம். எதிர்காலத்தில் அரசு வேலை என்ற எண்ணம் துளியாவது இருந்தால், ஒரு காசு கட்டும் முன் அந்தத் தொலைதூரப் பட்டத்தின் நிலையை எம்.கியூ.ஏ.விடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சேமநிதியின் செஜாத்ரா கணக்கிலிருந்து படிப்புக்கு எடுக்கலாம். நான் எடுக்கவில்லை, எடுக்கச் சொல்லவும் மாட்டேன், அது வயசான காலத்துச் சோறு. பத்துப் பேரோ அதற்கு மேலோ மலேசியர் வேலை செய்கிற கம்பெனி சம்பளத்தில் 1 விழுக்காட்டைப் பயிற்சி நிதிக்காக எச்.ஆர்.டி. கோர்ப்புக்குக் கட்டுகிறது. குறுகிய காலப் பயிற்சிகளை அதிலிருந்து கேட்டு வாங்குவது மனிதவளப் பிரிவில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

சட்டம் படிக்காதது பெரிய தடை இல்லை. முதல் பருவம் தீர்ப்பு வாசிக்கத் திணறுவீர்கள், அப்புறம் பழகிவிடும். ஆங்கிலம்தான் உண்மையான சுமை. பேச்சு ஆங்கிலம் வேறு, 3,000 சொல்லில் ஒரு வாதத்தைக் கட்டி நிறுத்துவது வேறு. என் முதல் கட்டுரை, பெரட்டில் நிலவரம் ஒப்பிப்பது மாதிரி இருந்தது. இது நடந்தது, அது நடந்தது, அவ்வளவுதான். பேராசிரியர் ஓரத்தில் "அதனால் என்ன?" என்று மட்டும் எழுதியிருந்தார். அதே சமயம் வகுப்பில் லண்டன் வக்கீல்கள் புகார் வழிமுறை பற்றி அழகாகப் பேசும்போது, புகார்ப் பெட்டி ஆபீஸ் வாசலில் கேமராவுக்கு நேர் கீழே தொங்கினால் அதில் யாராவது காகிதம் போடுவார்களா என்று கேட்க நம்மால்தான் முடியும். 31-ஆவது கோட்பாடு புகார் வழிமுறை நம்பிக்கைக்குரியதாக, எட்டும் தூரத்தில், வெளிப்படையாக இருக்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறது. அந்தப் பெட்டியை அளந்து பார்க்க அது போதும்.

வேலை வாய்ப்பு பற்றி நிச்சயமாகச் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். தோட்டக் கம்பெனித் தலைமையகங்கள், சான்றிதழ் தணிக்கை நிறுவனங்கள், கையுறை, மின்னணுத் தொழிற்சாலைகள் இந்த வேலைக்கு ஆள் வைத்திருக்கின்றன. பெரும்பாலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் பினாங்கிலும். சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்தபடி அந்தச் சம்பளம் வராது. பட்டத்தை மட்டும் காட்டி உள்ளே போனவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. பட்டமும், தணிக்கையில் உட்கார்ந்த அனுபவமும், தொழிலாளியிடம் உட்கார்ந்து பேசத் தெரிந்த வாயும் சேர்ந்தால் மதிப்பு. ஐ.நா. வேலை, ஜெனீவா என்ற கனவுக்காகப் படிப்பதாக இருந்தால் வேண்டாம் என்பேன்.

சந்தேகம் உள்ள பக்கம் ஐரோப்பா. பிரான்ஸ் 2017-லும், ஜெர்மனி 2021-லும் கம்பெனிகள் தங்கள் விநியோகச் சங்கிலியைக் கவனிக்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் எல்லா நாட்டுக்கும் பொதுவாக ஒன்று இயற்றியது, மறு வருடமே நடைமுறையைத் தள்ளிப்போட்டது, அதன் வீச்சைச் சுருக்கவும் முடிவெடுத்தது. ஆகவே "ஐரோப்பியச் சட்டம் வருகிறது, ஆள் கிராக்கி அலைமோதும்" என்று விளம்பரம் செய்யும் கல்லூரியை அரை மனசோடு நம்புங்கள். உள்ளூர் பக்கம் தரை உறுதியாக இருக்கிறது: 2023 ஜனவரி 1 முதல் வேலைச் சட்டத்தில் கட்டாய உழைப்பு தனிக் குற்றம், வாரத்துக்கு 45 மணி நேரம்தான் வேலை, தங்குமிடத்துக்கு ஏற்கெனவே சட்டம் 446 இருக்கிறது. இவை யார் ஆட்சிக்கு வந்தாலும் ஆலைக் கதவைத் தட்டும்.

விண்ணப்பத்துக்கு அவசரம் வேண்டாம். இந்த மாதச் சம்பளச் சீட்டை, முதலில் உங்களுடையதை, மேசையில் விரியுங்கள். பக்கத்தில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம். சம்பளம் மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் வந்ததா? பிடித்தம் எல்லாம் சட்டம் அனுமதித்த வகையா, மொத்தம் பாதிச் சம்பளத்தைத் தாண்டுகிறதா? குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளியை 26-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 65.38. உங்கள் சம்பளத்துக்கும் அப்படியே நாள் கணக்கு எடுத்து, எட்டால் வகுத்து ஒன்றரை மடங்கு போட்டால் வருவதும் உங்கள் கூடுதல் நேரக் கணக்கும் ஒத்துப்போகிறதா? குலைக் கணக்கில் கூலி வாங்குபவருக்கும் அடிப்படை குறைகிறதா என்று வேலை நேரத்திலேயே பார்க்க உங்களுக்கு அதிகாரம் இருக்கிறது. அடுத்த நான்கைந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த 31 கோட்பாடுகளைப் படியுங்கள், ஐ.நா. தளத்தில் இலவசம், விளக்கவுரையோடு நாற்பது பக்கம்கூட வராது. ஒவ்வொரு நவம்பரிலும் ஜெனீவாவில் இதே பொருளில் நடக்கும் ஐ.நா. மாநாட்டை நேரலையில் பார்க்கலாம், அதற்கும் காசில்லை. இவ்வளவுக்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமை எப்போது வரும் என்று இருந்தால் ஜனவரிச் சேர்க்கைக்கு எழுதிப் போடுங்கள்.

அப்புறம், அந்தச் சாவிகள். திருப்பிக் கொடுக்கச் சம்மதம் வாங்க எனக்கு ஏழு மாதம் பிடித்தது. கொடுத்த முதல் மாதத்தில் மூன்று பேர் தொலைத்தார்கள், மண்டோர் சொன்னது சரிதான். டவுனில் சாவிக் கடையில் ஆளுக்கொன்று புதிதாக வெட்டிக் கொடுத்தோம்.